பத்தொன்பது நாள் தள்ளி வந்த திதி

தம்பி,

உன் கடிதம் கைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பதில் வராததைப் பார்த்து, கிழவனுக்கு என்ன ஆச்சோ என்று நீ பதறியிருந்தால் மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கை ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே எனக்குள் இருக்கும் வக்கீல் எழுந்து நின்று வாதாட ஆரம்பித்துவிடுகிறான். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். இத்தனை வருஷமாக நான் உனக்கு எழுதியதெல்லாம் பத்து வரிதான். பணம் அனுப்பியிருக்கிறேன், கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. தமிழில் நான்கு பக்கம் எழுதுவது உன் அம்மாவின் வேலை. அவள் போய் இரண்டு வருஷமாகிறது, அந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நான் எடுத்துக்கொள்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

பரீட்சை முடிந்தது, லண்டனிலேயே ஒருவர் தன் அலுவலகத்தில் இடம் கொடுக்கத் தயாராக இருக்கிறார், வரவா இருக்கவா என்று கேட்டிருந்தாய். வந்தால் நகர வாரியத்து வழக்குகளை எல்லாம் நீ பார்த்துக்கொள்வதாகவும், நான் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "ஒரு வார்த்தை எழுதுங்கள் அப்பா, அது போதும்" என்று முடித்திருந்தாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். அன்று மாலையே அலுவலகத்தில் மூலையில் கிடந்த இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டுத் துடைத்தேன். பிரம்பு அறுந்திருந்தது, புதிதாகப் பின்னச் சொன்னேன். கடைத்தெருவில் நானாக யாரிடமும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மறுநாள் சாப்பாட்டுக்கடை பாய், "என்னா வக்கீல் ஐயா, தம்பி வர்றாராமுல்ல? இனிமே ரெண்டு தேத்தண்ணி போடணும்லா" என்றார். ஆக, என் முகமே சொல்லிவிட்டிருக்கிறது.

ஆனால் நீ பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிய அந்த வழக்குகள் இப்போது நம்மிடம் இல்லை, தம்பி. போன திங்கட்கிழமை வாரியத்திலிருந்து ஒரு பியூனும் கை வண்டியும் வந்து, பதினோரு வருஷத்துக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரோரம் இருந்த அந்தப் பெரிய அலமாரி காலி. நம் வருமானத்தில் முக்கால்வாசி அதில்தான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் என்னை நீக்கியது நியாயம். நீக்கும்படி நான்தான் நடந்துகொண்டேன். ஏன் என்று தெரியாமல் நீ கப்பல் ஏறவும் கூடாது, அங்கேயே தங்கிவிடவும் கூடாது. அதனால் இதை உட்கார்ந்து பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்த தொழிலை நான் கேவலமாக நினைக்கவில்லை, நீயும் நினைக்காதே. ஒரு சிறிய ஊரின் நகர வாரியம் என்றால் என்ன? தெரு விளக்கு, மலக்கூடை வண்டி, மருந்துச்சாலைக்கு ஒரு கூரை, மழை பெய்தால் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். எவனாவது ஒருவன் வந்து, உங்கள் வாய்க்காலில் விழுந்தேன், உங்கள் மரம் என் மேல் சாய்ந்தது என்று வழக்குப் போட்டு ஜெயித்துக்கொண்டே இருந்தால், விளக்குக்கு எண்ணெய் இருக்காது. அதற்கு நடுவில் நின்று, இது உண்மை, இது புளுகு என்று பிரித்துக் காட்டுவது என் வேலை. நம் பக்கத்தில் அப்படி ஒரு வாரியத்துக்கு நான் வக்கீலாக இருந்தேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்காரன் மலாயா முழுக்க அவசரகாலம் போட்ட புதிதில் கெர்லிங், கலும்பாங் பக்கமெல்லாம் வழக்குக்குப் போக வேண்டும் என்றால் எந்த வக்கீலும் கிளம்பமாட்டான். ரப்பர் மரங்களுக்கு நடுவில் எந்தத் திருப்பத்தில் துப்பாக்கி இருக்கும் என்று தெரியாது. நான் போவேன். ராணுவ லோரிக்குப் பின்னால் என் பழைய காரை ஒட்டிக்கொண்டு போவேன். உன் அம்மா வாசலில் நின்று கார் திரும்பும்வரை பார்ப்பாள், கையசைக்கமாட்டாள். கையசைத்தால் விடைகொடுத்த மாதிரி ஆகிவிடுமாம்.

வாத்து வழக்கு உனக்கு நினைவிருக்கும். கலும்பாங் பக்கத்து ஆள் ஒருவர், வாரியத்து மரம் விழுந்து தன் கொட்டகையும் நாற்பது வாத்தும் ஒன்று விடாமல் நசுங்கிப்போனதாக வழக்குப் போட்டிருந்தார். விசாரணையன்று காலை கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில் நான் வாத்து முட்டைப் பொரியல் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறதே, முட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கடைக்காரரிடம் சும்மாதான் கேட்டேன். அவர் நம் வாதியின் பெயரைச் சொல்லி, "தெனம் வெள்ளன கொண்டாந்து குடுத்துருவாருலா" என்றார். கூண்டில் அவர் ஏறியதும் நான் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, செத்த வாத்து எத்தனை மாசத்துக்கு முட்டை போடும்?" நீதிபதியே கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அந்தக் கதையை நீ சாப்பாட்டு மேசையில் திரும்பத் திரும்பக் கேட்பாய். ஒருமுறை புரையேறி, ரசம் மூக்கில் வந்து, உன் அம்மா என்னைத் திட்டினாள். பன்னிரண்டு வயதில் நீ, "அப்பா மாதிரியே வாரியத்து வக்கீலாவேன்" என்று சொன்னது அந்த வாத்துகளால்தான். அதை நூறு முறை சொன்ன நான், இப்போது சொல்லப்போவதை ஒருமுறையும் சொல்லவில்லை.

சின்னையாவை உனக்குத் தெரியாது. புக்கிட் பெலிம்பிங் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் உன் தாத்தா கணக்கெழுதும் கிராணியாக இருந்தாரே, அங்கே நான் பிறந்து வளர்ந்த காலத்தில் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த பையன் அவன். கிராணி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் லயத்துப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. என் வாழ்க்கையில் நான் மனசார மீறிய சட்டம் அது ஒன்றுதான். கால்வாயில் இருவரும் வேட்டியை விரித்து மீன் பிடிப்போம். என்னைச் "சின்னக் கிராணி" என்று கூப்பிடுவான். நான் படித்து வக்கீலாகித் திரும்பி வந்த பிறகு "ஐயா" ஆகிவிட்டேன். எத்தனை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. அவன் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினான், அவன் மனைவி முனியம்மாவும் மரம் வெட்டினாள். இரண்டு பிள்ளைகள்.

அவசரகாலத்தில் தோட்டங்களுக்குள் தனித்தனியாக இருந்த லயங்களைக் காலி செய்து, ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி முள்கம்பி வேலி போட்டார்களே, அதில் சின்னையா குடும்பமும் ஒரு சிற்றூரின் வேலிக்குள் வந்தது. அந்த இடம் வாரியத்தின் பொறுப்பு. வேலிக்கு ஒரே வாசல். வாசலுக்கு உட்பக்கமாக வாரியம் வெட்டிய ஆழமான சிமெண்ட் வாய்க்கால், அதன் மேல் ஒரு பலகைப் பாலம். ஊரடங்கு முடிந்து விடியற்காலையில் வாசல் திறக்கும்போது, தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, நேரத்துக்குப் போய்ச் சேராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஆனால் வாசலில் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். சோதனை முடியும்வரை மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், வரிசை பாலத்தின் மேல் நிற்கும். ஒருவர் இருவர் நடந்துபோகப் போட்ட பலகை அது. அதன் மேல் நாற்பது பேர் வாளியும் கத்தியுமாக அரை மணி நேரம் நின்றார்கள். ஒரு நாள் பலகை ஒடிந்தது. முனியம்மா சிமெண்டில் தலை அடிபட்டு அங்கேயே போய்விட்டாள். வேறு இரண்டு பெண்களுக்குக் கை முறிந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சின்னையாவுக்காகத் தோட்டத்துக் கிராணி ஒருவர் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். வாரியம் கோப்பை என்னிடம் அனுப்பியது. கோப்பைத் திறந்ததும் மேலேயே இருந்தது இன்னொரு கடிதம். அதே கிராணி, விபத்துக்கு முன்பே எழுதியது. வாசல் பாலத்துப் பலகை மக்கிப்போயிருக்கிறது, மிதித்தால் நெகிழ்கிறது, தயவுசெய்து மாற்றவும் என்று. அதன் ஓரத்தில் வாரியத்து ஓவர்சீயர், "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பார்த்ததோடு சரி. ஒரு வக்கீலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வழக்கு உள்ளே போனால் வாரியம் தோற்கும். எனக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே, ஓவர்சீயர் வாயால் சொன்னதை வைத்துப் பதில் எழுதினேன். இறந்தவர் கூட்டத்தில் முண்டியடித்து மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போனதால் பலகை ஆட்டங்கண்டது, விபத்து அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது. முண்டியடித்து என்ற சொல்லை ஓவர்சீயர் சொல்லவில்லை, தம்பி. அது நான் போட்டது. வாக்கியம் பலமாக இருக்க வேண்டும் என்று போட்டேன்.

அந்தக் கடிதத்தை யாரோ அங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் வேலிக்குள் அதுதான் பேச்சு. முனியம்மா தள்ளினாள், அவளால்தான் அந்த இரண்டு பெண்களுக்கும் கை போனது என்று. சர்க்கார் தாளில் வந்தால் அது பொய்யாக இருக்குமோ என்று நம் சனங்கள் கேட்கமாட்டார்கள். கை ஒடிந்தவர்கள் சின்னையாவின் முகத்தில் விழிப்பதை விட்டார்கள்.

பத்து மாதம் முடிந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னையா நம் வீட்டுக்கு வந்தான். நீ அப்போது கோலாலம்பூரில் பள்ளி விடுதியில் இருந்தாய். வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். குன்றிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் வழியிலேயே அதில் பாதியைப் பறித்துக்கொண்டன. அதைச் சொல்லிச் சிரித்தான். அவன் வந்தது என்னிடம் இல்லை, உன் அம்மாவிடம். ஊரில் யாருக்குத் திதி பார்க்க வேண்டுமென்றாலும் அவளிடம்தானே வருவார்கள். அவள் பஞ்சாங்கத்தைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலால் வரியைத் தடவிக்கொண்டு போனாள். முனியம்மா செத்த திதி இந்த வருஷம், செத்த தேதிக்குப் பத்தொன்பது நாள் தள்ளி வருவதாகச் சொன்னாள். "தேதிய பாக்காத சின்னையா. திதிதான் கணக்கு. அதுவரைக்கும் வீடு துக்க வீடுதான்" என்றாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவன் போகும்போது என் பக்கம் வந்து நின்றான். நான் எழுதிய அந்தப் பதில் கடிதம் அவன் சட்டைப் பையில் மடித்து இருந்தது. அதில் என் கையெழுத்துதான் இருக்கிறது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அவன் என்னிடம் கோபப்படவில்லை. நான் வாரியத்துக்காக எழுதியது என் வேலை, அவனிடம் பேசுவது பழக்கம், இரண்டும் வேறு என்று நினைத்தான். நம் ஆட்கள்தான் இப்படி நினைப்பார்கள்.

"ஐயா, கேஸ் போடலாம்னு இருக்கேன். கிள்ளான்ல ஒரு வக்கீல சொல்லியிருக்காங்க. ஆனா வருசம் கழியாம கோர்ட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்றாங்க. செத்தவ பேரச் சொல்லி கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணுனா, அவ ஆத்மா அங்கயே நின்னுருமாம். எங்க அப்பாரு காலத்துலருந்து அப்படித்தான். திதி கழிச்சிட்டுப் போலாம்னு இருக்கேன். செரிதானுங்களே?"

தம்பி, நீ இப்போது சட்டம் படித்தவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. வாரியம் மாதிரியான பொது அமைப்பின் மேல் வழக்கு என்றால், சம்பவம் நடந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்திவிடும். சட்டத்துக்குத் தேதிதான் கணக்கு. உன் அம்மா பத்தொன்பது நாள் என்று சொன்ன நொடியிலேயே பேப்பருக்குப் பின்னால் என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. நான் வாரியத்தின் வக்கீல். எதிர்க்கட்சிக்கு நான் யோசனை சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், "என்னைக் கேட்காதே சின்னையா, நான் எதிர்ப்பக்கம். இன்றைக்கே அந்த வக்கீலைப் போய்ப் பார், அவரைக் கேள்" என்று சொல்ல எந்தத் தர்மமும் தடையில்லை. பேசாமல் இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி. நான் பேசினேன். "வீட்டு வழக்கத்தை விடக் கூடாது, சின்னையா" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

திதி முடிந்து நான்காம் நாள் வழக்குப் போட்டார்கள். கிள்ளான் கோர்ட்டில் அவன் வெள்ளை வேட்டி உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து பத்து நிமிஷம் பேசினேன். தேதி, தேதி, தேதி. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகையைப் பற்றி இல்லை. அந்தக் கிராணியின் கடிதம் என் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நீதிபதி வருத்தத்தோடுதான் தள்ளுபடி செய்தார். வெளியே வந்ததும் வாரியத்துக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சின்னையா காத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நடந்தது விளங்கவில்லை, எல்லாம் ஆங்கிலத்தில்தானே.

"ஐயா, ஜட்ஜு எந்திரிச்சிப் போயிட்டாரே, யாரு மேல தப்புன்னு சொல்லலீங்களே?"

"வழக்கு காலம் கடந்துபோச்சு சின்னையா. அதனால அதெல்லாம் பாக்கமாட்டாங்க."

"காசு வேணாங்க ஐயா. அவ தள்ளலன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்களேன். ஜட்ஜு சொல்லிருவாருன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்."

எனக்கு வேறு வழக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்று எனக்கு வேறு வழக்கு எதுவும் இல்லை. கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன் அப்பா எவ்வளவு தைரியசாலி என்பதற்கு, ராணுவ லோரிக்குப் பின்னால் கார் ஓட்டியதைத்தான் இதுவரை சாட்சியாகச் சொல்லிவந்தேன். இதையும் சேர்த்துக்கொள்.

உன் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது, தொழில் தர்மம், பொதுப் பணம் என்று அடுக்கியிருப்பேன். "நான் பாத்துச் சொன்ன திதிய வச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் பஞ்சாங்கம் வாங்குவதை நிறுத்தினாள். யாராவது வந்து கேட்டால் கண் தெரியவில்லை என்பாள். இன்னொன்றையும் நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து, நான் சட்டையைக் கழற்றும்போது, "இன்னிக்கு கோர்ட்டுல என்னங்க?" என்று கேட்பாள், அதுதான் எனக்கு நாள் முடிந்ததற்கு அடையாளம். அதைக் கேட்பதை விட்டாள். சாப்பாடு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், உன்னைப் பற்றிப் பேசினாள், என் வேலையைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. நீ விடுமுறைக்கு வரும்போது வீடு கலகலப்பாக இருக்கும், அதனால் உனக்குத் தெரியாது. நீ லண்டன் போன பிறகு நாங்கள் இருவரும் இந்த வீட்டில் ரொம்ப மரியாதையாக வாழ்ந்தோம். அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை சாயங்காலம் சட்டைப் பொத்தானை மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன் தெரியுமா? இப்போதும் கழற்றும்போது கை தானாக மெதுவாகிறது.

அவள் போனபோது நீ வர முடியவில்லை. அதற்காக வருந்தி வருந்தி எழுதினாய், நான் பத்து வரியில் பதில் போட்டேன். அந்த வருஷம் பூராவும் நான் ஒரு புது வழக்கு எடுக்கவில்லை. யாரும் எடுக்காதே என்று சொல்லவில்லை. தாளில் கையெழுத்துப் போடக் கை போகவில்லை, அவ்வளவுதான். அவள் திதி எப்போது என்று பார்க்க எனக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது; கோயில் குருக்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். திதி கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் சின்னையாவின் அந்த ஒரு வருஷம் எனக்கு விளங்கியது. நான் அதைப் பேப்பருக்குப் பின்னால் பத்தொன்பது நாள் என்று மட்டும் பார்த்திருந்தேன். வெட்கமாக இருந்தது, தம்பி. அப்போதே அவனிடம் போயிருக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம் கழித்து, வாரியத்தோடு பேசிவிட்டு, நீ படிப்பை முடித்த பிறகு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

இப்போது அவசரகாலம் முடிகிறது. அந்த ஊரில் முள்கம்பியைச் சுருட்டி லோரியில் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதே வாரத்தில் உன் கடிதமும் வந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நீ அதில் உட்கார்ந்து அலமாரியைத் திறப்பாய். நீ கெட்டிக்காரன், பழைய கோப்புகளை எல்லாம் படிப்பாய். அந்தக் கிராணியின் கடிதத்தையும், அதற்குக் கீழே என் பதிலையும் ஒரு நாள் படிப்பாய். படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாய், உன் அம்மாவின் பிள்ளை நீ. அப்புறம் நீயும் நானும் இந்த வீட்டில் ரொம்ப மரியாதையாக வாழ்வோம். போன வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சின்னையா அதே இடத்தில்தான் இருக்கிறான். மூத்தவன் வேலைக்குப் போகிறான். பெண் பிள்ளை சரசுவுக்குப் பதின்மூன்று வயசு. அம்மா போகும்போது அவளுக்கு ஆறு. என்னைப் பார்த்ததும் சின்னையா ஓடிப்போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், கோர்ட்டுக்குப் போகிற மாதிரி. ஒன்றும் வரவில்லை.

"சின்னையா, முனியம்மா மேல தப்பில்ல. பலகை மக்கிப்போயிருந்துச்சு. வாரியத்துக்கு முன்னாலேயே கடிதம் வந்திருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். திதி கழியட்டும்னு உன்னப் போகச் சொன்னதும் தெரிஞ்சுதான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய் சரசு, வெளிய வா. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டியா" என்று சத்தம் போட்டான். பக்கத்து வீட்டு அக்கா என்பது அன்று கை முறிந்த இருவரில் ஒருத்தி. ஆறேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அவள் வந்து தள்ளி நின்றாள், ஒரு கை நேராகவில்லை. சின்னையா என்னிடம் சொன்னான்: "ஐயா, இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க. இவங்க காதுல விழட்டும்."

சொன்னேன். கோர்ட்டில் பேசும் குரல் வரவில்லை. நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். அந்த அம்மாள் தன் வளைந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வாரியத்துக்கு நானே எழுதினேன், உங்கள் கோப்பில் இருந்ததை எதிர்க்கட்சியிடம் சொல்லிவிட்டேன், ஆவன செய்க என்று. திங்கட்கிழமை கை வண்டி வந்தது. வக்கீல் தொழிலில் இதற்கு இன்னும் என்னென்ன உண்டோ, வரட்டும். நீ வாரியங்களுக்கு வாதாடுவதானால் தாராளமாக வாதாடு, எங்கே இருந்தாலும். ஆனால் கோப்பில் எதிராளியின் முதல் கடிதத்தை முதலில் படி. உன்னிடம் வந்து நிற்பவனிடம், நான் எதிர்ப்பக்கம், வேறு வக்கீலை இன்றைக்கே பார் என்று வாய் திறந்து சொல். என்னிடம் புத்தி என்று கேட்டால் அவ்வளவுதான் இருக்கிறது.

ஒரு வார்த்தை கேட்டாய். கேட்காமலே எழுதியிருப்பேன், இத்தனை நாள் அதைத்தான் எழுதக் காத்திருந்தேன். இந்த வீட்டில் உன் செருப்புச் சத்தம் கேட்க வேண்டும், யாராவது என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டாம். ஆனால் உன்னைக் கூப்பிடக் கையில் வைத்திருந்ததை நான் கொடுத்துவிட்டேன். இனி இங்கே இருப்பது ஒரு நாற்காலியும், பெயர் கெட்ட ஒரு கிழவனும்தான். அதனால் அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. நீயே யோசித்து எழுது.

ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். அன்று நான் காரில் ஏறப்போகும்போது அந்தப் பெண் சரசு பின்னாலேயே வந்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்போ அம்மா யாரையும் தள்ளலையா?"

"இல்லம்மா. உங்கம்மா வரிசையில சும்மா நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க."

அவள் கதவை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா